முடிவை அறியாத முகம்: வரலாற்றுத் தொடரில் நடிப்பைக் கவனித்துப் பார்க்கும் முறை

வரலாற்றுத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றைப் பார்த்து முடித்தவர்கள் கூடிப் பேசும்போது, பேச்சு பெரும்பாலும் இரண்டு வழிகளில்தான் போகிறது. அரண்மனை, நகை, யானை, போர்க்களம் என்று பிரம்மாண்டத்தைப் பற்றி ஒரு சாரார் பேசுகிறார்கள். காட்டியதெல்லாம் வரலாற்றுக்குப் பொருந்துமா என்று மற்றொரு சாரார் வாதாடுகிறார்கள். இரண்டும் வேண்டிய பேச்சுகளே. ஆனால் மன்னனாகவும் அரசியாகவும் அமைச்சனாகவும் மாதக்கணக்கில் நம் வீட்டுக் கூடத்துக்கு வந்துபோன நடிகர்களின் உழைப்பு, "நன்றாக நடித்தார்" என்ற இரண்டு சொற்களோடு முடிந்துவிடுகிறது. அந்த இரண்டு சொற்களைப் பிரித்துப் பார்க்க விரும்பும் ரசிகர்களுக்காக, நான் கடைப்பிடிக்கும் முறையை இங்கே எழுதுகிறேன்.

என் அளவுகோல் ஒன்றே ஒன்றுதான். வரலாற்றுப் பாத்திரத்தின் முடிவு நமக்குத் தெரியும், அதை எழுதியவருக்குத் தெரியும், நடிப்பவருக்கும் தெரியும். அந்தப் பாத்திரத்துக்கு மட்டும் தெரியாது. தனக்குத் தெரிந்த முடிவைத் தன் முகத்துக்கும் உடலுக்கும் தெரியாமல் வைத்துக்கொள்ளும் நடிகரே வரலாற்றுத் தொடரில் சிறந்த நடிகர். மற்ற திறமைகளை எல்லாம் இதற்கு அடுத்த இடத்தில்தான் வைக்கிறேன்.

வேலூரில் வளர்ந்தவர்களுக்கு இப்படிப் பார்ப்பது சற்றுக் கடினம். திப்பு சுல்தானைப் பற்றிய தொடரின் முதல் பகுதி தொடங்கும் முன்பே, அவருடைய கதை எங்கே போய் முடிகிறது என்று நாம் அறிந்திருக்கிறோம். 1799 மே 4 அன்று சீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு இறந்த பின், அவருடைய மகன்களையும் குடும்பத்துப் பெண்களையும் கொண்டுவந்து வைத்தது நம் கோட்டையில்தான். கோட்டைக்குள் ஹைதர் மஹால், திப்பு மஹால் என்ற பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. அந்தக் குடும்பத்தாரின் கல்லறைகளும் நகரில் இருக்கின்றன. பள்ளிக்கூடச் சுற்றுலாவிலேயே முடிவைப் பார்த்துவிட்டவர்கள் நாம். அதனால் திரையில் இளைய திப்பு சிரித்தாலும் நமக்குத் தொண்டை அடைக்கிறது. அந்தத் துயரம் நம்முடையது, நடிகர் உண்டாக்கியது அல்ல. இதைப் பிரித்தறிவதிலிருந்துதான் பயிற்சி தொடங்குகிறது.

தொடரைப் பார்ப்பதற்கு முன் அந்தக் காலத்தைப் பற்றி ஒரு பக்கமாவது படித்துக்கொள்ளுங்கள். தவறு கண்டுபிடிப்பதற்காக அல்ல. எந்த நாளில் எந்தப் பாத்திரத்துக்கு எது தெரிந்திருக்க முடியாது என்று அறிவதற்காக. ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 1792இல் ஆங்கிலேயரோடு ஏற்பட்ட உடன்படிக்கையின்படி திப்பு தன் நாட்டில் பாதியை விட்டுக்கொடுத்தார். 3 கோடியே 30 லட்சம் ரூபாய் ஈட்டுத்தொகை தர ஒப்புக்கொண்டார். அது தீரும்வரை பத்து வயதும் எட்டு வயதும் மதிக்கத்தக்க இரண்டு மகன்களை ஆங்கிலேயத் தலைமை ஆளுநர் காரன்வாலிஸிடம் பிணையாக அனுப்பினார். ஆங்கிலேய ஓவியர்கள் பலர் உருகி உருகித் தீட்டிய காட்சி இது. எந்தத் தொடரில் வந்தாலும் இதை இறுதிப் பிரிவாக நடித்துவிடும் ஆசை நடிகருக்கு எழும். ஆனால் அந்தப் பிள்ளைகள் 1794இல் திரும்பி வந்தார்கள். அனுப்பிய நாளில் திப்பு தோற்றவர்தான், ஆனால் முடிந்துபோனவர் அல்லர். பணத்தை எப்படித் திரட்டுவது, எத்தனை நாளில் பிள்ளைகளை மீட்பது, யார் கைவிட்டதால் இந்த நிலை வந்தது என்ற கணக்கும் சினமும் அந்த மனத்தில் ஓடியிருக்க வேண்டும். கண்ணீருக்கு அடியில் அந்தக் கணக்கு ஓடுகிறதா என்று பாருங்கள். வெறும் கண்ணீர் மட்டும் இருந்தால், 1799ஐ அறிந்த ஒருவர் 1792இல் நின்று அழுகிறார் என்று பொருள்.

அடுத்ததாக, முழுத் தொடரையும் ஒரே மூச்சில் எடை போட முயலாமல், ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு அல்லது மூன்று பேர் இருக்கும், ஐந்து நிமிடத்துக்கு மிகாத உரையாடல் காட்சியாக அது இருக்கட்டும், போர்க்களம் வேண்டாம். முதல் தடவை கதைக்காகப் பாருங்கள். இரண்டாம் தடவை ஒலியை முழுவதும் நிறுத்திவிட்டுப் பாருங்கள். மூன்றாம் தடவை, பேசுபவரை விட்டுவிட்டுக் கேட்பவரை மட்டும் பாருங்கள். இந்த மூன்றாவது பார்வைதான் மிகுந்த பலன் தருவது. வசனம் எழுத்தாளர் கொடுத்தது. பேசும்போது அது நடிகருக்குத் துணை நிற்கிறது. கேட்டுக்கொண்டிருக்கும் நடிகருக்கோ துணை எதுவும் இல்லை. அடுத்து என்ன சொல்லப்படும் என்று மனப்பாடமாகத் தெரிந்திருந்தும், முதன்முறையாகக் கேட்கும் மனிதராக அவர் நிற்க வேண்டும்.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் எடுத்துக்காட்டு, 1976இல் பிபிசி தயாரித்த 'ஐ, க்ளாடியஸ்' தொடரில் ரோமப் பேரரசர் அகஸ்டஸ் இறக்கும் காட்சி. அகஸ்டஸாக நடித்த ப்ரையன் ப்ளெஸ்ட் உரத்த குரலுக்குப் பேர்போனவர். முந்தைய பகுதிகளில் அரண்மனை அதிரச் சிரித்தும் கத்தியும் வந்தவர். இந்தக் காட்சியில் அவருக்குப் பேச்சே இல்லை. மனைவி லிவியாவாக நடித்த சியான் ஃபிலிப்ஸின் குரல் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்க, கேமரா அகஸ்டஸின் முகத்தை விட்டு நகராமல் மெல்ல நெருங்குகிறது. கண்கள் திறந்தே இருக்க, உள்ளே இருந்த ஆள் எந்தக் கணத்தில் போனார் என்று சொல்ல முடியாதபடி உயிர் விலகுகிறது. அந்தத் தொடர் ஸ்டூடியோவுக்குள் எளிமையான அரங்கங்களில் எடுக்கப்பட்டது. பெரிய கூட்டமோ போர்க்களமோ கிடையாது. பிரம்மாண்டம் இல்லாத இடத்தில் நடிப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதை அறிய விரும்புபவர்கள் அந்த ஒரு காட்சியைப் பார்த்தால் போதும்.

கேட்கும் நடிப்பிலேயே ஒரு முழுத் தொடரைச் சுமந்தவர் மார்க் ரைலன்ஸ். 2015இல் ஒளிபரப்பான 'வுல்ஃப் ஹால்' தொடரில், இங்கிலாந்து மன்னன் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் க்ராம்வெல்லாக அவர் வருகிறார். கொல்லன் மகனாகப் பிறந்து அமைச்சரானவர் க்ராம்வெல். பிறப்பால் உயர்ந்த பிரபுக்கள் தன்னை இகழ்ந்து பேசும்போதெல்லாம், ரைலன்ஸின் முகம் மறுமொழி எதையும் காட்டுவதில்லை; ஆனால் அந்தச் சொல் உள்ளே எங்கோ எழுதி வைக்கப்படுகிறது என்று பார்க்கும் நமக்கு உறுதியாகத் தெரிகிறது. தொடரின் முதல் பருவத்தின் இறுதிக் காட்சியை ஒலியில்லாமல் பார்த்துப் பழகுங்கள். 1536 மே 19 அன்று அரசி ஆன் பொலினின் தலை வெட்டப்பட்ட பின் க்ராம்வெல் மன்னனிடம் வருகிறார். டேமியன் லூயிஸ் நடித்த ஹென்றி, கைகளை அகல விரித்து, மலர்ந்த முகத்தோடு அவரைத் தழுவிக்கொள்கிறார். தழுவலுக்குள் இருக்கும் க்ராம்வெல்லின் முகத்தைப் பாருங்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, 1540 ஜூலை 28 அன்று, இதே மன்னனின் ஆணையால் தன் தலையும் விழப்போகிறது என்பது அந்த முகத்துக்குத் தெரியாது. தான் செய்து முடித்த காரியம் எத்தகையது, அதை இவ்வளவு மகிழ்ச்சியோடு ஏற்கும் மனிதர் எத்தகையவர் என்பது மட்டும் அந்தக் கணத்தில் தெரிகிறது. முடிவை முன்கூட்டிச் சொல்லாமலே முடிவின் நிழலைக் காட்டும் இந்த நுட்பத்துக்கு நிகரானதை நான் வேறு வரலாற்றுத் தொடரில் பார்த்ததில்லை.

நம்மில் பலர் இந்தி வரலாற்றுத் தொடர்களைத் தமிழ்க் குரலில்தான் பார்க்கிறோம். அப்படிப் பார்க்கும்போது திரையில் இருப்பது இரண்டு பேரின் நடிப்பு: உடல் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது. டப்பிங் கலைஞரின் உழைப்பைத் தனியாகக் கேட்டுப் பாராட்டுங்கள். ஆனால் அந்தக் குரலை வைத்து நடிகரை எடை போடாதீர்கள். மொழிமாற்றத்தில் மன்னன், தளபதி, பணிப்பெண் எல்லோரும் ஏறக்குறைய ஒரே உயர்ந்த தமிழில் பேசுவதால், மூலமொழிப் பேச்சில் இருந்த ஏற்றத்தாழ்வு மறைந்துவிடுவதும் உண்டு. அந்த ஏற்றத்தாழ்வை உடலில் தேடுங்கள். யார் யாருக்கு எவ்வளவு தள்ளி நிற்கிறார்கள், யார் முதலில் உட்காருகிறார்கள், மன்னன் கையை நீட்டும்போது கிண்ணம் வந்து கையில் சேரும் என்ற நம்பிக்கையோடு நீட்டுகிறாரா அல்லது கிண்ணம் எங்கே என்று பார்க்கிறாரா என்பதைக் கவனியுங்கள். பிறந்தது முதல் பணியாளர் சூழ வாழ்ந்தவர் கிண்ணத்தைப் பார்க்கமாட்டார். கிரீடத்தின் கனமும் வாளின் கனமும் உடலில் பழகியிருக்கின்றனவா என்பதும் இதைச் சேர்ந்ததே.

இங்கே நம் மண்ணின் கூத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். செய்யாறு, ஆரணி, வந்தவாசி என்று பழைய வடாற்காட்டு மாவட்டம் முழுவதும் கூத்து வாழ்ந்த மண். புரிசை போன்ற ஊர்களின் பெயரே கூத்தோடு சேர்ந்துதான் சொல்லப்படுகிறது. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்துமாக நாட்கள் நடந்து, கடைசிக் காலையில் தரையில் மண்ணால் செய்த துரியோதனனின் பெரிய உருவத்தோடு, அவன் வீழும் காட்சியான படுகளம் நிகழும். அந்தப் பார்வையாளர்களுக்கு முடிவு தெரியும் என்பது மட்டுமல்ல, முடிவைக் கண்ணால் காண்பதற்காகவே அவர்கள் வருகிறார்கள். இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று, தான் யார், தன் பெருமை என்ன என்று வேஷக்காரர் பாடுகிறார். கூத்தை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரன் கேட்கிறான், அவர் விடை சொல்கிறார். தோள்கட்டையும் கிரீடமும் அணிந்து சுழன்று ஆடுகிறார். முடிவை மறைக்க வேண்டிய தேவையே அந்தக் கலைக்கு இல்லை. பொழுது விடியும்வரை கடைசி வரிசைக்கும் கேட்கும் குரல், அடவு, பாட்டு, நேரத்துக்கு ஏற்ற பேச்சு ஆகியவைதான் அங்கே அளவுகோல்.

தொலைக்காட்சியின் அளவுகோல் வேறு. இருந்தாலும் கூத்து பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, மற்றவர்களுக்கு எளிதில் வாய்க்காத ஒரு பக்குவம் உண்டு: பெரிதாக நடிப்பதும் பொய்யாக நடிப்பதும் ஒன்றல்ல என்று அது அறியும். தூர்தர்ஷன் காலத்து வரலாற்றுத் தொடர்களை இன்று பார்க்கும் இளைஞர்கள், "ஓவர் ஆக்டிங்" என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறார்கள். இந்தி வரலாற்று நடிப்பின் ஒரு வேர் பார்சி நாடக மேடையில் இருக்கிறது. நிமிர்ந்து நின்று, சொல்லை முழுதாக உச்சரித்து, அவையை நோக்கிப் பேசுவது அந்த மரபு. அந்த மரபுக்குள் நின்று ஒருவர் உண்மையாக நடிக்கிறாரா என்று கேட்பதே நியாயம். உரத்துப் பேசுபவர் எந்த இடத்தில் குரலைத் தாழ்த்துகிறார், யாரிடம் தாழ்த்துகிறார் என்று பாருங்கள். எல்லோரிடமும் எல்லா நேரத்திலும் ஒரே உரத்தில் பேசினால் அது பழக்கம்; ஒருவரிடம் மட்டும் தாழ்ந்தால் அது பாத்திரம்.

கூத்திலிருந்தே இன்னொன்றையும் எடுத்துக்கொள்ளலாம். கர்ண மோட்சத்தில் கர்ணன் தன் முடிவை அறிந்தவனாகவே மனைவி பொன்னுருவியிடம் விடைபெறுகிறான். வரலாற்றுப் பாத்திரங்களுக்கும் அப்படி ஒரு வேளை வருவதுண்டு: அதுவரை அறியாதிருந்தவர் அறிந்துகொள்ளும் வேளை. தொடரில் அந்த மாற்றம் எந்தக் காட்சியில் நிகழ்கிறது என்று தேடிப் பிடியுங்கள். 'வுல்ஃப் ஹால்' தொடரின் ஆன் பொலினாக க்ளேர் ஃபோய், கூர்மையும் செருக்கும் பொறுமையின்மையும் கலந்து, அறையில் உள்ள எல்லோரையும் அளந்து பார்க்கும் அரசியாக வருகிறார். கொலைமேடையில் அந்தச் செருக்கு உடம்பில் எங்கும் இல்லை. இடைப்பட்ட காட்சிகளில் அது எந்த எந்த இடத்தில் உதிர்ந்தது என்று திரும்பிப் போய்ப் பார்ப்பது மிகச் சிறந்த பயிற்சி. அவரே அடுத்த ஆண்டு 'தி க்ரவுன்' தொடரில் இரண்டாம் எலிசபெத்தாக வந்தார். நினைத்ததையெல்லாம் வெளிக்காட்டி அழிந்த ஓர் அரசி, நினைத்தது எதையும் வெளிக்காட்டாமல் ஆண்ட ஓர் அரசி. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் நடிகரின் கையிருப்பு என்ன என்பது விளங்கும். 'தி க்ரவுன்' தொடரில் ஒரே அரசியை ஃபோய், ஒலிவியா கோல்மன், இமெல்டா ஸ்டான்டன் என்று மூவர் வரிசையாக நடித்திருப்பதால், முதுமை எப்படி நடிக்கப்படுகிறது என்பதை ஒப்பிடவும் அது உதவும்.

துரோகியின் வேடத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். நம் வரலாற்றுத் தொடர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். திப்புவின் கதையில், அவரைக் காட்டிக்கொடுத்தவராகச் சொல்லப்படும் அமைச்சர் மீர் சாதிக் அப்படிப்பட்ட பாத்திரம். அவர் திரையில் தோன்றிய உடனே கடைக்கண் பார்வை, உதட்டோரச் சிரிப்பு, பின்னணியில் ஒரு கனத்த இசை என்று அமைத்துவிட்டால், பார்வையாளருக்கு எல்லாம் புரிந்துவிடுகிறது. ஆனால் அதே அவையில் உட்கார்ந்திருக்கும் மன்னனுக்கு மட்டும் புரியவில்லை என்றால் மன்னன் அறிவில்லாதவனாகிவிடுகிறான். துரோகியை நடிப்பவர் நம்பத்தக்கவராக நடித்தால்தான் ஏமாறுபவரின் மதிப்பு காப்பாற்றப்படும். எனவே துரோகியின் முகத்தில் துரோகத்தைத் தேடாதீர்கள். மன்னன் இவரை ஏன் நம்பினான் என்பதற்கான காரணத்தைத் தேடுங்கள். அது கிடைத்தால் அந்த நடிகர் உயர்ந்தவர். கிடைக்காவிட்டால், குறை நடிகருடையதா, எழுதியவருடையதா, இசை சேர்த்தவருடையதா என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். ஒலியை நிறுத்திப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்: இசை போன பின்பும் முகம் துரோகத்தைச் சொன்னால் குறை முகத்தில் இருக்கிறது.

பாத்திரம் வேறு, நடிப்பு வேறு என்பதை மறக்க வேண்டாம். 1990இல் தூர்தர்ஷனில் வந்த 'தி ஸ்வோர்ட் ஆஃப் திப்பு சுல்தான்' ஒரு நாவலைத் தழுவியது. அது கற்பனை என்ற அறிவிப்போடுதான் ஒளிபரப்பானது. அதில் காட்டப்பட்ட திப்புவோடு உங்களுக்கு உடன்பாடு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதை வைத்து, திப்புவாக வந்த சஞ்சய் கானையோ ஹைதர் அலியாக வந்த ஷாபாஸ் கானையோ ஏற்பதும் தள்ளுவதும் முறையல்ல. மைசூரில் அந்தத் தொடரின் படப்பிடிப்பில் 1989 பிப்ரவரியில் பற்றிய தீயில் 62 பேர் இறந்தார்கள். கடுமையாகத் தீக்காயமுற்ற சஞ்சய் கான் மீண்டு வந்துதான் தொடரை முடித்தார். அந்த மனவுறுதியை வணங்குகிறேன். ஆயினும் அதையும் காட்சியை எடை போடும்போது சற்றுத் தள்ளி வைக்கத்தான் வேண்டும்.

நடிகரின் பழைய முகத்தை மறப்பதும் ஒரு பயிற்சியே. 1989இல் வெளிவந்த 'வெற்றி விழா'வின் வில்லனாகத் தமிழ் ரசிகர்கள் அறிந்த சலீம் கௌஸ், அதற்கு முந்தைய ஆண்டு ஒளிபரப்பான 'பாரத் ஏக் கோஜ்' தொடரில் ராமனாகவும் கிருஷ்ணனாகவும் திப்புவாகவும் நடித்தவர். ஷ்யாம் பெனகல் இயக்கிய அந்த 53 பகுதித் தொடரில் ஓம் புரி அசோகராகவும் கிருஷ்ணதேவராயராகவும் ஔரங்கசீப்பாகவும் வருகிறார். மூன்று பேரரசர்களுக்கும் முகம் ஒன்றே. ஒப்பனையை விட்டுவிட்டு, நடை, மூச்சு, ஒரு கேள்விக்கு விடை சொல்லும் முன் எடுத்துக்கொள்ளும் நேரம் ஆகியவற்றை மட்டும் வைத்து மூவரையும் பிரித்தறிய முயலுங்கள்.

சிறிய வேடங்களை விட்டுவிடாதீர்கள். வாயிற்காவலர், சிப்பாய், தூதர் ஆகியோர் முகத்தில்தான் ஒரு காலத்தின் அச்சமும் நம்பிக்கையும் தெரியும். வேலூர் சிப்பாய்ப் புரட்சியை யாரேனும் தொடராக எடுத்தால் நடிப்புக்கு இடம் எங்கே இருக்கும் என்று நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. 1806 ஜூலை 10 விடியற்காலைத் துப்பாக்கிச் சூட்டையும், ஆர்க்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்ததையும் எவரும் விறுவிறுப்பாக எடுத்துவிடலாம். நடிப்பு இருப்பதோ அதற்கு முந்தைய மாதங்களில்: நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது, புதிய தலைப்பாகைதான் அணிய வேண்டும் என்ற 1805 நவம்பர் ஆணையை வரிசையில் நின்று கேட்கும் சிப்பாயின் முகத்தில்; மே மாதத்தில் மறுத்தவர்கள் கசையடி படுவதைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நிற்கும் இன்னொரு சிப்பாயின் கழுத்தில். அவருக்கு ஜூலை 10 தெரியாது. வேலூர் மக்கான் அருகே நிற்கும் புரட்சி நினைவுத் தூணை அறிந்த நாம் அவரைப் பார்க்கும்போது, தூணை மறந்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

பார்த்த அன்றே குறிப்பு எழுதிவிடுங்கள். மற்றவர்கள் என்ன சொன்னார்கள் என்று படிப்பதற்கு முன்பே எழுதுங்கள். "அருமை", "உயிரோட்டம்", "வாழ்ந்து காட்டினார்" போன்ற சொற்களை ஒதுக்கிவிட்டு, எந்தக் காட்சி, என்ன செய்தார், அதனால் பாத்திரத்தைப் பற்றி என்ன தெரிந்தது என்ற மூன்றும் ஒரே வாக்கியத்தில் வருமாறு எழுதிப் பழகுங்கள். "அவமதிப்பைக் கேட்டபோது க்ராம்வெல் கண்ணைத் தாழ்த்தவில்லை, சினக்கவும் இல்லை, சொன்னவரின் முகத்தைச் சற்று நேரம் கூடுதலாகப் பார்த்தார், அதனால் அவர் எதையும் மறக்காதவர் என்று அறிந்தேன்" என்பது போல. இப்படி எழுத முடியாத நடிப்பை நீங்கள் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை, அல்லது அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. எது என்பதை இரண்டாம் தடவை பார்த்து உறுதி செய்துகொள்ளலாம்.

தொடங்குபவர்களுக்கு, குறிப்பாக நம் ஊர்க்காரர்களுக்கு, 'பாரத் ஏக் கோஜ்' தொடரில் திப்பு வரும் பகுதியை முதலில் பார்க்கச் சொல்வேன். அது சுருக்கமானது, சலீம் கௌஸ் சில காட்சிகளுக்குள்ளேயே ஒரு மனிதரை நிறுவியாக வேண்டிய நெருக்கடியில் நடிக்கிறார். அதன் பிறகு சஞ்சய் கானின் நீண்ட தொடருக்குப் போங்கள்; அங்கே அவருக்குக் காலம் தாராளமாக இருக்கிறது, அந்தக் காலத்தை என்ன செய்தார் என்று பாருங்கள். 'ஐ, க்ளாடியஸ்', 'வுல்ஃப் ஹால்' இரண்டையும் இவற்றுக்குப் பின் வைத்துக்கொண்டால், மொழியும் நாடும் அந்நியமாக இருந்தாலும் எதைத் தேடுவது என்று கண்ணுக்குப் பழகியிருக்கும்.